பெயர் தெரியாத மெட்டு

ஐரிஷ் ரீல் என்ற நடன மெட்டு ஒன்றை ஒருமுறை வாசித்து முடிக்க 35 விநாடி போதும். எட்டு ஆவர்த்தம் நீளமுள்ள முதல் பகுதி, அதையே திரும்ப ஒருமுறை. பிறகு எட்டு ஆவர்த்தம் நீளமுள்ள இரண்டாம் பகுதி, அதுவும் இரண்டு முறை. ஆக 32 ஆவர்த்தம், மெட்டு முடிந்தது. யாரும் ஒரு சுற்றோடு விடுவதில்லை. இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த ரீலுக்குத் தாவுகிறார்கள். இப்படிக் கோத்த மெட்டுகளுக்கு செட் என்று பெயர். ஜிக் ஆறு எண்ணிக்கையில் நடக்கும், ஸ்லிப் ஜிக் ஒன்பதில், கெர்ரி மாவட்டத்து ஸ்லைடு பன்னிரண்டில். எல்லாமே நடனத்துக்கென்று பிறந்தவை. ஆடுகிறவர் காலுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்புகள்.

மதுக்கடையின் ஒரு மூலை மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்து இந்த மெட்டுகளை வாசிப்பதைத்தான் செஷன் என்கிறார்கள். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, மேசைமேல் காகிதமும் கிடையாது. ஒருவர் ஃபிடிலை எடுத்து இரண்டு ஆவர்த்தம் வாசிப்பதற்குள், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாதவர் சும்மா இருந்து கேட்பார். ஃபிடில், மரப் புல்லாங்குழல், டின் விசில், கான்செர்டினா, பொத்தான் அக்கார்டியன், முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இல்லன் பைப் என்று எத்தனை வாத்தியம் இருந்தாலும் எல்லோரும் வாசிப்பது ஒரே மெட்டை. அதனால் யார் எந்தச் சுரத்தைக் கொஞ்சம் மாற்றினார், எங்கே ஒரு சுரத்தை விழுங்கினார் என்பதில்தான் ரசனை இருக்கிறது.

மெட்டு முடிந்ததும் யாராவது கேட்பார்கள், ‘இது என்ன?’ என்று. ‘பெயர் தெரியவில்லை, இன்னாரிடம் பிடித்தேன்’ என்பது அடிக்கடி கிடைக்கும் பதில். ‘கன் அனிம்’ என்றால் ஐரிஷ் மொழியில் ‘பெயரில்லை’ என்று பொருள். இசைத்தட்டு உறைகளில்கூட ஒரு மெட்டின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் இந்த இரண்டு சொற்கள் அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். பெயர் போனாலும் பரவாயில்லை, யாரிடமிருந்து வந்தது என்பது போகக்கூடாது. கர்நாடக சங்கீதத்தில் குரு வழியாக வரும் வடிவத்தைப் பாடாந்தரம் என்று சொல்கிறோமே, இந்த இசையின் உயிர் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஓர் இசை இன்று பெருமளவு இணையத்தில் எழுத்தாகக் கிடக்கிறது. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஒருவர் இரண்டு நிமிடத்தில் ஒரு ரீலைத் தேடி எடுத்துக் கற்றுக்கொள்ளலாம், தன் ஊர் பாடத்தை, அதாவது அங்கே அதை வாசிக்கும் விதத்தை, பக்கத்தில் சேர்த்தும் வைக்கலாம். காதுவழி வந்த இசை இதனால் கெட்டுப்போகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த மெட்டுகளைப் பிடித்துவைக்கப் பார்த்த பழைய வழிகளைவிட இது காதுக்கு நெருக்கமானது என்றே சொல்வேன். அதற்குப் பழைய வழிகள் என்ன செய்தன என்று பார்க்க வேண்டும்.

1792 ஜூலையில் பெல்ஃபாஸ்டில் பழைய யாழ்க் கலைஞர்களைத் திரட்டி ஒரு விழா நடத்தினார்கள். அந்த மரபு அழிந்துகொண்டிருந்த காலம். வாசிப்பதை எழுதிவைக்க எட்வர்டு பண்டிங் என்ற 19 வயது ஆர்கன் வாத்தியக்காரரை அமர்த்தினார்கள். வந்தவர்களில் மூத்தவர் டெனிஸ் ஹெம்சன், 97 வயது, நீண்ட நகங்களால் உலோகத் தந்திகளை மீட்டியவர். பண்டிங் செய்தது பெரும் உதவி. இல்லாவிட்டால் அந்த மெட்டுகளில் பல மண்ணோடு போயிருக்கும். ஆனால் 1796இல் தொடங்கி அவர் அச்சிட்ட தொகுதிகளில் அவை பியானோவுக்குத் தோதாக மாறியிருந்தன. வாங்கக்கூடியவர்களின் வீட்டில் பியானோதானே இருந்தது.

அடுத்த பெரிய சேகரிப்பாளர் ஒரு போலீஸ்காரர். பிரான்சிஸ் ஓ’நீல் 1848இல் மேற்கு கார்க்கில், பான்ட்ரி பக்கத்தில் ட்ராலிபான் என்ற சிற்றூரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கப்பலேறிப் போனார். பசிபிக்கில் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கியதும், மீட்க வந்த கப்பலில் ஹவாய் மாலுமி ஒருவரிடம் இருந்த புல்லாங்குழலை வாங்கி வாசித்துக் காட்டியதும், அதில் மகிழ்ந்து அந்த மாலுமி தன் சாப்பாட்டில் தினமும் பங்கு கொடுத்ததும் அவரே எழுதிவைத்த கதை. கடைசியில் சிகாகோ போலீசில் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அந்நகரின் போலீஸ் தலைவராக இருந்தார். 1840களின் பெரும் பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்தின் எல்லா மாவட்டத்து ஆட்களும் சிகாகோவில் வந்து குவிந்திருந்தார்கள். ஊரில் இருந்திருந்தால் அடுத்த மாவட்டத்து மெட்டு காதில் விழுவதே அபூர்வம். சிகாகோவில் ஒரே தெருவில் எல்லாம் கேட்டது. நல்ல வாசிப்புக்காரர்களுக்குப் போலீசில் வேலை வாங்கிக் கொடுத்தார் என்ற பேச்சு அவரைப் பற்றி இன்றும் உண்டு.

ஓ’நீலுக்கு நினைவாற்றல் அபாரம், ஆனால் சுரம் எழுத வராது. அவர் வாசித்தோ தத்தகாரமாகப் பாடியோ காட்ட, ஜேம்ஸ் ஓ’நீல் என்ற சார்ஜென்ட் (பெயர் ஒன்று, உறவில்லை) எழுதிக்கொண்டார். 1903இல் 1850 மெட்டுகளோடு முதல் பெருந்தொகுதி வந்தது. 1907இல் 1001 நடன மெட்டுகளோடு இரண்டாவது. இந்த இரண்டாவதைத்தான் வாசிப்புக்காரர்கள் வெறுமனே ‘புத்தகம்’ என்றார்கள். எந்தப் புத்தகம் என்று யாரும் கேட்கவில்லை. பல தலைமுறைக்கு அது வேதம்.

சிக்கலும் அங்கேதான். ஒரு மெட்டுக்குப் பத்து வீட்டில் பத்து பாடம் இருந்த இடத்தில், புத்தகம் ஒரு பாடத்தை மட்டும் அச்சிட்டது. அச்சில் வந்ததற்கு ஒரு பவிசு வந்துவிடுகிறது. அச்சாகாத ஒன்பதும் ‘தப்பு’ ஆகிவிடுகின்றன. ஜேம்ஸ் ஓ’நீலின் காதுக்கு எது சரியாகப் பட்டதோ அது சட்டமானது.

இசைத்தட்டு இதையே இன்னும் பலமாகச் செய்தது. ஸ்லைகோ மாவட்டத்து ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தவர். 1921 முதல் 1936 வரை அங்கே இசைத்தட்டுகள் பதித்தார். வில்லைத் துள்ளவிட்டு, அலங்காரங்களைச் சரம் சரமாகக் கோத்து வாசிப்பவர். தட்டுகள் கடல் கடந்து ஊர் திரும்பின. கிராமபோன் இருந்த வீட்டில் ஊரே கூடிக் கேட்டது. மற்ற மாவட்டத்து ஃபிடில்காரர்கள் பலர் தங்கள் ஊர் வாசிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஸ்லைகோ பாணிக்கு மாறினார்கள். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம் உண்டு. ஒரு சுற்று 35 விநாடி என்றால் ஐந்து சுற்று, அதாவது இரண்டு அல்லது மூன்று மெட்டு. 1934இல் கோல்மன் ‘டார்போல்டன்’, ‘லாங்ஃபோர்டு கலெக்டர்’, ‘செய்லர்ஸ் பானெட்’ என்று மூன்று ரீல்களை அந்த வரிசையில் பதித்தார். இன்றைக்கும் ஒரு செஷனில் முதலாவதை யாராவது தொடங்கினால் அடுத்த இரண்டும் தானாக வந்து விழும்.

இவ்வளவுக்கும் நடுவில் கெர்ரியும் கார்க்கும் சந்திக்கும் ஸ்லீவ் லூக்ரா மலைப்பக்கத்தில் ஒருவர் வேறு வழி வைத்திருந்தார். பாட்ரிக் ஓ’கீஃப் (1887–1963), வேலை பறிபோன பள்ளி ஆசிரியர். வீடு வீடாக நடந்து ஃபிடில் சொல்லிக்கொடுத்தே வாழ்ந்தவர். மாணவர்களுக்கு மேற்கத்திய சுரக்குறி தெரியாது என்பதால் தானாக ஒன்றை உண்டாக்கினார். ஐந்து கோடுகளுக்கு நடுவே உள்ள நான்கு இடைவெளிகள் ஃபிடிலின் நான்கு தந்திகள். அதில் எழுதும் 0 முதல் 4 வரையான எண்கள் விரல்கள். எந்தத் தந்தி, எந்த விரல், அவ்வளவுதான். அடுத்த வாரம் வருவதற்குள் மெட்டை மறக்காமலிருக்க ஒரு சீட்டு. எப்படி வாசிப்பது என்பதை அவர் வாசித்தே காட்டியிருந்தார். ஒரே மெட்டை வெவ்வேறு மாணவருக்கு வெவ்வேறு விதமாக எழுதிக் கொடுத்த சீட்டுகளும் உண்டு. என்னைக் கேட்டால், இணையத்தில் இன்று நடப்பதற்கு மூதாதை சிகாகோ போலீஸ் தலைவர் இல்லை. இந்த நாடோடி வாத்தியார்தான்.

எழுத்தும் அச்சும் பெயர்களுக்குச் செய்தது இன்னொரு கூத்து. ‘தூங்குமூஞ்சி மேகி’ என்று ஒரு ரீல் உண்டு. அதைக் கேட்டு யாரும் தூங்க முடியாது, அவ்வளவு விறுவிறுப்பு. ‘சாலி கார்டன்ஸ்’ என்ற பெயரில் ஒரு ரீல் இருக்கிறது, ஒரு பாட்டும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ‘மிஸ் மெக்லியோட்’ என்ற ரீல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்க மலைநாட்டுக்குப் போனதும் ‘ஹாப் ஹை லேடீஸ்’ ஆகிவிட்டது. பெயர் என்பது மெட்டின் கழுத்தில் தொங்கும் ஓர் அட்டை. வழியில் விழும், வேறு யாரோ வேறு அட்டையை மாட்டுவார்கள்.

இந்த வழியில் ஒரு மெட்டு நம் ஊருக்கே வந்திருக்கிறது. கார்க் மாவட்டத்து மேலோ ஊரின் ஊதாரி இளைஞர்களைப் பாடும் ‘ரேக்ஸ் ஆஃப் மேலோ’ 18ஆம் நூற்றாண்டு மெட்டு. ‘மேலோ மைனர்கள்’ என்று தமிழில் சொன்னால் பொருந்தும். கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வழியே சென்னைக்கு வந்த மெட்டுகளில் அதுவும் ஒன்று. மணலியில் தங்கியிருந்த காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டை பேண்டு இசையைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அப்படிப்பட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதாம் நோட்டுஸ்வரங்கள். மேலோ மைனர்கள் ‘வந்தே மீனாக்ஷி’ ஆனார்கள். குடிகாரப் பாட்டு மீனாட்சி துதியானதில் மெட்டுக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சாகித்தியத்தை வைத்து அதை அயர்லாந்தில் ஒருவர் கண்டுபிடிக்க வழியில்லை. காதில் விழுந்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பெயரை வைத்துத் தேடுவது வீண் என்று புரிந்துகொண்டு வேலை செய்தவர் பிரென்டன் பிரானக். அரசு ஊழியர், இல்லன் பைப் வாசிப்பவர். 1963இல் தொடங்கி அவர் கொண்டுவந்த ‘ஐரிஷ் நடன இசை’த் தொகுதிகள் ஓ’நீலுக்குப் பிறகு வந்தவற்றில் முக்கியமானவை, உயிரோடு இருந்த கலைஞர்களிடம் கேட்டு எழுதியவை. ஆயிரக்கணக்கான மெட்டுகளுக்கு அவர் அட்டைப் பட்டியல் வைத்திருந்தார். அகரவரிசைப்படி வைக்கவில்லை. முதல் சில ஆவர்த்தங்களில் அழுத்தம் விழும் சுரங்களுக்கு எண் கொடுத்து, அந்த எண்வரிசைப்படி அடுக்கினார். பெயர் எதுவாக இருந்தாலும் ஒரே மெட்டின் பாடங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்துவிடும். இன்று கைபேசியில் விசிலை ஊதினால் மெட்டு எதுவென்று சொல்லும் ‘ட்யூன்பால்’ என்ற செயலி இருக்கிறது. டப்ளினில் பிரையன் டக்கன் என்ற கணினி ஆசிரியர் உருவாக்கியது. சுரங்களின் வரிசையைப் பிடித்து மெட்டைத் தேடுவதுதான் அதன் வேலை. பிரானக் அட்டைப்பெட்டியில் செய்ததன் அடுத்த கட்டம் என்று அதைச் சொல்லலாம்.

அந்தச் செயலி தேடும் இடமெல்லாம் ஏபிசி என்ற எழுத்துமுறையில் எழுதப்பட்டது. 1980களில் கிறிஸ் வால்ஷா என்ற இங்கிலாந்துக்காரர், சுரக்குறி எழுதத் தெரியாத நாள்களில், கேட்ட நாட்டுப்புற மெட்டுகளை ஆங்கில எழுத்துகளால் குறித்துவைத்தார். பிறகு அந்த எழுத்துகளைக் கணினி படித்து முறையான சுரக்குறியாக அச்சிடும்படி ஒரு நிரல் எழுதி 1993இல் எல்லோருக்கும் கொடுத்தார். ச ரி க ம எழுதிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சுரத்துக்கு ஓர் எழுத்து. பெரிய எழுத்து கீழ் ஸ்தாயி, சின்ன எழுத்து மேல் ஸ்தாயி. ஆவர்த்தத்துக்கு ஒரு கோடு. மேலே தலைப்புக்கு ஒரு வரி, தாளத்துக்கு ஒரு வரி, சுருதிக்கும் மேளம் என்ற சுர அடுக்குக்கும் ஒரு வரி. பெரும்பாலான ஐரிஷ் மெட்டுகள் இரண்டு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுவதால் முறை கச்சிதமாகப் பொருந்தியது. மேளம் என்றதும் ஞாபகம் வருகிறது: இந்த மெட்டுகளில் அடிக்கடி வரும் மேற்கத்திய சுர அடுக்குகளில் மிக்ஸோலிடியன் நம் ஹரிகாம்போதியின் சுரங்கள், டோரியன் கரஹரப்ரியாவின் சுரங்கள். சுரம்தான் ஒன்று, கமகமும் சஞ்சாரமும் வேறு; அதற்குமேல் சொந்தம் கொண்டாட வேண்டாம்.

ஒரு முழு ரீல் சில நூறு எழுத்தில் முடிந்துவிடும். மின்னஞ்சலில் படம்கூட ஒழுங்காகப் போகாத 1990களில் அதுதான் பெரிய வசதி. வெறும் எழுத்து என்பதால் எந்தக் கணினியிலும் திறக்கும், தேடலாம், ஒரு சுரம் பிடிக்கவில்லை என்றால் மாற்றித் திருப்பி அனுப்பலாம். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அச்சடித்த புத்தகத்தோடு சண்டை போட முடியாது, இதனோடு முடியும். இணையத்தில் உள்ள இன்றைய மெட்டுக் களஞ்சியங்களில் ஒரு பிரபலமான ரீலைத் திறந்தால் ஒரு பாடம் அல்ல, ஐந்தோ பத்தோ பாடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. கீழே சண்டை: இது டோனிகோல் பாடம், அது கிளேர் பாடம், இரண்டாம் பகுதியில் அந்தச் சுரம் பழைய தட்டில் இப்படி இல்லை. இன்னொரு பக்கம் பத்து மாற்றுப் பெயர்கள். ஓ’நீலின் புத்தகம் ஒன்பது பாடங்களை வெளியே விட்டது. களஞ்சியம் யாரையும் வெளியே விடுவதில்லை. குப்பையும் சேர்ந்தே உள்ளே வருகிறது என்பது அதற்கான விலை. எழுதத் தெரியாதவர் எழுதியது, பாதி நினைவில் எழுதியது, தானாக இட்டுக்கட்டியது எல்லாம் அதே வரிசையில் நிற்கும். எது எதுவென்று பிரிக்கத் தெரிவதற்குக் காது வேண்டும்.

பாடங்கள் ஏன் இப்படி மாறுகின்றன என்பதற்குச் சாதாரணக் காரணங்களே நிறைய. ஃபிடிலின் கீழ்த்தந்திவரை இறங்கும் மெட்டை டின் விசில்காரர் வாசிக்க முடியாது. விசிலின் கடைசித் துளைக்குக் கீழே சுரம் இல்லை. அந்த இடத்தில் அவர் மேல் ஸ்தாயிக்கு மடக்குவார், அல்லது வேறொரு வளைவு போடுவார். அவரிடம் கற்ற ஃபிடில்காரர் அந்த வளைவையே மெட்டு என்று எடுத்துக்கொள்வார். புல்லாங்குழல்காரர் எங்கேயாவது மூச்சு விட்டாக வேண்டும். மூச்சுக்காக அவர் விட்ட சுரத்தின் இடத்தில் ஒரு அழகான இடைவெளி உண்டாகும், அது அடுத்த தலைமுறையில் மெட்டின் பகுதியாகிவிடும்.

இனி எழுத்தில் வராதவற்றைப் பார்ப்போம். அதில்தான் ஏமாற்றமும் இருக்கிறது.

நான் டி சுருதி விசில் ஒன்றை வாங்கிய புதிதில் ‘கெஷ் ஜிக்’கை எழுத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தேன். கணினி வாசித்துக் காட்டியதோடு சேர்த்து ஊதி, ஒரு வாரத்தில் பிழையில்லாமல் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன். பிறகு ‘தி பாத்தி பேண்ட்’ குழுவின் 1975 இசைத்தட்டைப் போட்டேன். அதில் முதல் மெட்டே அதுதான். கால் நிமிடம் வேறு ஏதோ மெட்டு என்றே நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். சுரம் எல்லாம் அதே சுரம். ஆனால் ஜிக்கில் மூன்று மூன்றாக வரும் சுரங்களில் முதலாவது சற்று நீளும், இரண்டாவது சுருங்கும், மூன்றாவது அடுத்ததன் தோளில் சாயும். எழுத்தில் மூன்றும் சமம். கணினியும் மூன்றையும் சமமாகத்தான் வாசிக்கும். நான் கற்றிருந்தது தையல் இயந்திரம்.

ரோல் என்ற அலங்காரமும் அப்படித்தான். நீண்ட சுரம் ஒன்றை மூன்றாகப் பிளக்கிறார்கள்: நடுவே மேலிருந்து ஒரு வெட்டு, கீழிருந்து ஒரு தட்டு. இந்த வெட்டுக்கும் தட்டுக்கும் சுரம் என்ற தகுதியே இல்லை. கேட்பவருக்கு அவை ஒரு சொடுக்காகத் தெரிய வேண்டும், சுரமாகத் தெரிந்தால் ரோல் கெட்டுவிட்டது. ஏபிசியில் அந்த இடத்தில் ஒரு நெளிவுக்குறி மட்டும் நிற்கும். இல்லன் பைப்பிலும் பழைய ஃபிடில் வாசிப்பிலும் இரண்டு சுரத்துக்கு நடுவில் தொங்கும் ஒரு சுரம் உண்டு, கூட்டியும் எழுத முடியாது, குறைத்தும் எழுத முடியாது. டோனிகோலில் வில்லைச் சுரத்துக்குச் சுரம் மாற்றி இழுப்பார்கள். ஸ்லைகோவில் இரண்டு மூன்று சுரங்களை ஒரே இழுப்பில் கோப்பார்கள். எழுத்தில் இரண்டும் ஒரே மெட்டு.

இதை அந்த மரபுக்காரர்கள் குறையாக நினைப்பதில்லை. எழுத்து எலும்புக்கூடு என்று அவர்களுக்குத் தெரியும், சதை காதில் இருக்கிறது. 1973 முதல் ஜூலை மாதங்களில் கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் பைப் கலைஞர் வில்லி கிளான்சியின் நினைவாக ஒரு கோடைப் பள்ளி நடக்கிறது. அங்கே ஆசிரியர் இரண்டு ஆவர்த்தம் வாசிப்பார், வகுப்பு திருப்பி வாசிக்கும், மறுபடி, மறுபடி, பிறகு அடுத்த இரண்டு. எழுத்து தேவைப்பட்டால் கடைசியில், மறக்காமலிருக்க. ஓ’கீஃபின் சீட்டு மாதிரி. இணையத்தில் கற்பவருக்கும் இதே வரிசை சாத்தியம்தான்: முதலில் ஒரு நல்ல ஒலிப்பதிவு, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கும் மென்பொருள், மெட்டு வாய்க்கு வரும்வரை தத்தகாரம், அதன்பின் ஐயமுள்ள இடத்துக்கு மட்டும் எழுத்து. இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களை (என்னைப் போல) செஷனில் உடனே அடையாளம் கண்டுவிடலாம். பிழையில்லாமல் வாசிப்பார்கள், ஆனால் பக்கத்து ஆள் ஒரு சுரம் மாற்றினால் தடுமாறிவிடுவார்கள்.

சேர்ந்து வாசிப்பதுதான் இணையத்தால் இன்னும் முடியாத காரியம். 2020 மார்ச்சில் அயர்லாந்தின் மதுக்கடைகள் அடைக்கப்பட்டபோது, செஷன்கள் எல்லாம் காணொளி அழைப்புக்கு ஓடிவந்தன. ரீலின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்: நிமிடத்துக்கு 110 தட்டு, தட்டுக்கு நான்கு சுரம் என்றால் ஒரு சுரத்தின் ஆயுள் 136 மில்லி விநாடி. காணொளி அழைப்பில் ஒலி போய்ச்சேரும் தாமதமே சாதாரணமாக 100ஐத் தாண்டிவிடும். நான் வாசித்தது உங்களுக்குக் கேட்கும்போது ஒரு சுரம் கடந்திருக்கும். உங்கள் பதில் எனக்கு வரும்போது இரண்டு. ஆகவே ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு அவரோடு சேர்ந்து தனித்தனியாக வாசித்தார்கள். நாற்பது பேர் இருந்த செஷனில் ஒவ்வொருவரும் கேட்டது இரண்டு வாத்தியம்.

களஞ்சியத்தில் குவிந்த எழுத்தை வேறு ஒருவரும் எடுத்துப் படித்தார். 2015இல் பாப் ஸ்டர்ம் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும், இணையத்திலிருந்து எடுத்த 23,000க்கும் மேற்பட்ட ஏபிசி மெட்டுகளைக் கொடுத்து ஒரு கணினி நிரலைப் பழக்கினார்கள். அது புதிது புதிதாக ரீல்களையும் ஜிக்குகளையும் எழுதித் தள்ளியது. பகுதிக்கு எட்டாக 16 ஆவர்த்தம் ஒழுங்காக வரும், முடிவு சரியாக விழும், சில உண்மையிலேயே வாசிக்கத் தகுந்தவை. சிலருக்கு வேடிக்கை, பலருக்கு எரிச்சல். எரிச்சலுக்குக் காரணம் மெட்டு மோசம் என்பது இல்லை என்று நினைக்கிறேன். ‘யாரிடம் பிடித்தாய்?’ என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லையே.

அந்தக் கேள்விதான் இந்த இசையில் உரிமைக் கணக்கும். பெரும்பாலான மெட்டுகளை யார் கட்டினார் என்று தெரியாது. ஆனால் ‘மரபு மெட்டு’ என்று எல்லோரும் நினைப்பவற்றில் பல, பெயர் தெரிந்தவர்கள் கட்டியவை. கேவன் மாவட்டத்தில் பிறந்து ஃபிலடெல்பியாவில் பிளம்பராக இருந்த எட் ரீவி அப்படிப் பல ரீல்களைக் கட்டினார்; ‘ஹன்டர்ஸ் ஹவுஸ்’ அவருடையது. தன் மெட்டு அநாமதேயமாகச் சுற்றுவது கட்டியவருக்கு ஒரு பக்கம் பெருமை, காதில் ஏற்று ஊர் சொந்தமாக்கிவிட்டதே என்று. இன்னொரு பக்கம் ‘மரபு’ என்று தட்டுறையில் போட்டுவிட்டால் சம்பாவனை வராது. மெட்டுக் களஞ்சியங்களில் நடக்கும் நல்ல காரியங்களில் ஒன்று, இப்படி உதிர்ந்த பெயர்களை யாராவது திரும்ப ஒட்டவைப்பது.

ஆனால் கால்வே மாவட்டத்து ஃபிடில் கலைஞரும் விவசாயியுமான பேடி ஃபேஹி விஷயத்தில் அதுவும் செல்லாது. 2019இல் 102 வயதில் காலமான அவர் டஜன்கணக்கில் ரீல்களும் ஜிக்குகளும் கட்டியவர். சோகமும் வளைவும் நிறைந்த, கேட்டவுடன் இன்னாருடையது என்று தெரிந்துவிடும் மெட்டுகள். இசைத்தட்டு வெளியிடவில்லை. ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் ‘பேடி ஃபேஹியின் ரீல்’, ‘பேடி ஃபேஹியின் ஜிக்’ என்றே பெயர். தொகுத்தவர்கள் சமாளிக்க எண் போட்டார்கள். ஒரு பட்டியலின் மூன்றாம் எண் இன்னொரு பட்டியலில் மூன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. எந்த ஃபேஹி என்று தெரிய வேண்டுமானால் இரண்டு ஆவர்த்தம் வாசித்துத்தான் காட்ட வேண்டும்.